எட்டு மாதப் பயிற்சியை வைத்துக்கொண்டு யோகா ஆசிரியர் சான்றிதழுக்குச் செல்லலாமா?

காவிரிக்கரை (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. பத்தொன்பது ஆண்டுகள் கணக்கு எழுதும் வேலையில் நாற்காலியிலேயே கழிந்ததால் கழுத்து வலி நிலைத்துவிட, சென்ற ஆண்டு எங்கள் தெருமுனையில் உள்ள சத்திரத்து மாடியில் நடக்கும் காலை நேர யோகா வகுப்பில் சேர்ந்தேன். இந்த எட்டு மாதங்களில், வாரத்திற்கு ஐந்து நாள் வீதம், ஊருக்குச் சென்ற நாள்கள் தவிர வகுப்பைத் தவறவிட்டதில்லை. வலியும் பெருமளவு குறைந்துவிட்டது.

எங்கள் ஆசிரியை, கணவரின் பணியிட மாறுதலால், இரண்டு மாதத்தில் ஊரை விட்டுச் செல்லவிருக்கிறார். வகுப்பில் ஒன்பது பெண்கள் இருக்கிறோம். எல்லோரிலும் மூத்தவருக்கு 67 வயது. வகுப்பு நின்றுவிடக் கூடாது என்பதால் அதை நானே எடுத்து நடத்த வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துகிறார்கள். ஆசிரியையோ, முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்ற பிறகு நடத்துவதே நல்லது என்கிறார்.

என் நிலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிரசாசனம் நான் செய்ததே இல்லை. பத்மாசனத்தில் ஒரு காலைப் போட்டால் மறு கால் வருவதில்லை. கைகளையும் கால்களையும் ஊன்றி இடுப்பை மேலே உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் குதிகால் தரையைத் தொடாது. ஆசனங்களின் சமஸ்கிருதப் பெயர்கள் எனக்கு அடிக்கடி மாறிப்போகின்றன.

தேடிப் பார்த்ததில் வீட்டிலிருந்தே 25 நாளில் முடிக்கும் இணையவழிப் பயிற்சி, ரிஷிகேஷில் ஒரு மாதம் தங்கிப் படிக்கும் பயிற்சி, ஆயுஷ் அமைச்சகத்தின் தேர்வு, பல்கலைக்கழகப் பட்டயம் என்று நான்கு வழிகள் தெரிகின்றன. என்னைப் போன்ற தொடக்க நிலையினர் இவற்றில் சேரலாமா, எந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும், சான்றிதழ் இல்லாமல் வகுப்பு நடத்துவது சட்டப்படி குற்றமா என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மொட்டைமாடி (மதுரை)

சகோதரிக்கு வணக்கம். பதினான்கு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். உங்கள் கடைசிக் கேள்வி எளிது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நம் நாட்டில் தனியார் யோகா வகுப்பு நடத்துவதற்கு உரிமம் கட்டாயமில்லை. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போன்ற பதிவுமுறை இத்தொழிலுக்கு இல்லை. ஆகவே சான்றிதழ் இல்லாமல் சத்திரத்து மாடியில் வகுப்பு எடுப்பது குற்றமாகாது.

சான்றிதழ் எங்கே செல்லும் என்பது, அதை யாரிடம் நீட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் சொன்ன இணையவழி, ரிஷிகேஷ் பயிற்சிகள் பொதுவாக 200 மணி நேரப் பயிற்சிகள்; அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் உள்ள யோகா அலையன்ஸ் என்னும் அமைப்பை ஒட்டியவை. அந்த அமைப்பு ஆசிரியர்களுக்குத் தேர்வு எதுவும் வைப்பதில்லை. அதில் பதிவு செய்துகொண்ட பள்ளி உங்களுக்குச் சான்றிதழ் தர, அதைக் காட்டியும் கட்டணம் செலுத்தியும் அதன் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்கிறீர்கள். ஆர்.ஒய்.டி. 200 (200 மணி நேரம் பயின்ற, பதிவு பெற்ற யோகா ஆசிரியர்) என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வது இதைத்தான். பட்டியலில் நீடிக்க ஆண்டுதோறும் கட்டணம் உண்டு; மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 45 மணி நேரம் கற்பித்ததற்கும் 30 மணி நேரம் மேற்பயிற்சி பெற்றதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு ஸ்டூடியோக்களிலும் இங்குள்ள சில உயர்தர விடுதிகளிலும் இதைக் கேட்பார்கள். உங்கள் சத்திரத்து மாடியில் இதை எவரும் கேட்கப் போவதில்லை.

ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் யோகா சான்றளிப்பு வாரியத்தின் முறை வேறு. இம்முயற்சி 2015இல் இந்தியத் தர மன்றத்தின் வழியாகத் தொடங்கி, 2018இல் தனி வாரியமாயிற்று. இங்கே எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. உங்களைப் பயிற்றுவித்தவர் அல்லாத வேறொருவர் எதிரில் அமர்ந்து மதிப்பிடுவார். முதல் நிலை யோகா நெறிமுறைப் பயிற்றுநர். அதன் பாடத்திட்டம் 200 மணி நேரம். அடுத்த நிலைகள் 400, 800, 1600 என்று இரட்டித்துக்கொண்டே செல்லும். ஏற்கெனவே பயிற்சி உள்ளவர்கள் எந்தப் பள்ளியிலும் சேராமல், அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு அமைப்பு வழியாக நேரே தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த முதல் நிலையைத்தான். காரணம், இது சூன் 21 யோகா நாளுக்காக அமைச்சகம் வகுத்த 45 நிமிடப் பொது நெறிமுறையை மையமாகக் கொண்டது. அதில் கழுத்து, தோள் தளர்த்தும் அசைவுகளும், தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம், வஜ்ராசனம், புஜங்காசனம், சேதுபந்தாசனம் போன்ற எளிய ஆசனங்களும், கபாலபாதி, நாடிசோதனம், பிராமரி ஆகிய மூச்சுப் பயிற்சிகளும், தியானமும் உள்ளன. சிரசாசனமும் பத்மாசனப் பிடிவாதமும் அதில் இல்லை. ஆகவே நீங்கள் பட்டியலிட்டிருக்கும் குறைகள் இந்த நெறிமுறைக்குப் பெரும்பாலும் குறுக்கே நிற்கமாட்டா. பாடத்தில் பதஞ்சலி யோக சூத்திரம், ஹட யோகப் பிரதீபிகை போன்ற நூல்களின் அடிப்படைகளும், உடற்கூற்றின் தொடக்கப் பகுதிகளும் வரும். கணக்கு எழுதிய கைக்கு இவை பாரமாக இருக்காது.

பள்ளி, கல்லூரி வேலையை எண்ணினால் மட்டும் பல்கலைக்கழகப் படிப்பைப் பாருங்கள். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் யோகாவுக்கு முதுநிலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. அதற்கு ஒரு பட்டம் வேண்டும்.

ஆனால் எந்த வழியில் சென்றாலும், ஆசிரியர் பயிற்சி என்பது கற்பிக்கக் கற்றுத்தருவது. ஆசனம் செய்யக் கற்றுத்தருவதற்கு அங்கே நேரம் இருக்காது. நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் 25 நாளில் 200 மணி நேரம் முடிந்துவிடும். அதையே நாளுக்கு ஒரு மணி நேரம் என்று செய்தால் ஏறத்தாழ ஏழு மாதம் ஆகும். இரண்டும் 200 மணி நேரம்தான் என்றாலும், ஏழு மாதம் செய்தவர் காய்ச்சல் வந்து எழுந்த மறுநாளும், மாதவிடாய் நாளிலும், மனம் சோர்ந்த நாளிலும் பாய் விரித்திருப்பார். அந்நாள்களில் உடல் எப்படி மறுக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஓராண்டாவது சொந்தப் பயிற்சியை நிறைவு செய்துவிட்டுச் செல்லுங்கள். இன்னும் நான்கு மாதம்தானே?

ரயிலடி (விழுப்புரம்)

மேலே ஐயா சொன்னதோடு என் பங்குக்குக் கொஞ்சம். நான் அந்த 25 நாள் இணையவழிப் பயிற்சி வகையில் ஒன்றை முடித்தவன். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. பெரும்பாலும் முன்னரே பதிவு செய்த காணொளிகள்தாம். ஓடவிட்டுவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தாலும் கணக்கில் மணி நேரம் ஏறிக்கொண்டிருந்தது. இறுதித் தேர்வாக நானே ஒரு மணி நேரம் பாடம் எடுப்பது போல் பதிவு செய்து அனுப்பினேன். என் எதிரில் இருந்தது என் வீட்டுச் சுவர். தேர்ச்சி என்று மறுநாளே அழகான சான்றிதழ் வந்தது.

முதன்முதலில் உண்மையான வகுப்பில் ஆறு பேர் முன் நின்றபோதுதான் என் நிலை புரிந்தது. திரிகோணாசனத்தில் ஆறு பேரும் ஆறு விதமாக வளைந்து நின்றார்கள். அவற்றில் எது தவறு, எது அவரவர் உடல்வாகு என்று பிரித்தறிய எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெருந்தொற்றையொட்டி 2020இல் திறந்துவிடப்பட்ட இணையவழிக் கல்வி முறை பலருக்கு உதவியது என்பதை மறுக்கவில்லை. தத்துவப் பாடத்தை அப்படிப் படிக்கலாம். பிறர் உடலைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு மட்டும் பிறர் உடல் எதிரில் இருக்க வேண்டும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பயிற்சிக் காலத்தில் நான் எத்தனை முறை, எத்தனை பேருக்கு முன்னால் நின்று பாடம் எடுப்பேன்? பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம்.

முட்டிவலி நிபுணர் (கோயம்புத்தூர்)

நான் யோகா ஆசிரியன் அல்லன்; பிசியோதெரபிஸ்ட். யோகா வகுப்பில் அடிபட்டு என்னிடம் வருபவர்களைப் பார்ப்பதால் இங்கே எழுத உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் பத்மாசனம். தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தில் எவ்வளவு வெளிப்புறமாகத் திரும்பும் என்பது பெரிதும் எலும்பின் அமைப்பைப் பொறுத்தது. அது பயிற்சியால் ஓரளவுக்கு மேல் மாறாது. இடுப்பு திரும்ப மறுக்கும்போது பாதத்தைப் பிடித்து இழுத்தால், அந்தத் திருகல் முழுவதும் முழங்காலுக்கு வந்து சேரும். முழங்காலோ பக்கவாட்டில் திருகுவதற்காக அமைந்த மூட்டு அன்று. சவ்வு கிழிந்து என்னிடம் வருபவர்களில் கணிசமானோர், "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்ற ஊக்கத்திற்குக் கட்டுப்பட்டவர்கள். குதிகால் தரையைத் தொடாததற்கும் கணுக்காலின் அமைப்பு காரணமாக இருக்கக்கூடும். இவற்றை உங்கள் தகுதிக் குறைவாக எண்ணிக் கூச வேண்டாம். எளிதில் வளையும் உடலுடைய ஆசிரியர்களுக்கு, வளையாத உடலின் மறுப்பு புரிவதில்லை என்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். அந்த வகையில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது என்றே சொல்வேன்.

என் கவலையெல்லாம் உங்கள் வகுப்பில் உள்ள மற்ற எட்டுப் பேரைப் பற்றியது. நாற்பதைத் தாண்டிய பெண்கள் என்றால், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர், டிஸ்க் விலகியவர், கருப்பை இறக்கம் உள்ளவர், குடலிறக்க அறுவை செய்துகொண்டவர் என்று இவர்களுள் ஓரிருவராவது இருக்க வாய்ப்பு உண்டு. அவர்களாக முன்வந்து சொல்லமாட்டார்கள், அதிலும் கருப்பை இறக்கத்தைத் தோழியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தத்துடன் கபாலபாதியை வேகமாகச் செய்வதும், குடலிறக்கம் உள்ளவர் வயிற்றை உந்துவதும் ஆபத்து. கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் கூடவே கூடா. சிரசாசனத்தில் கண்ணின் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது அளந்து அறியப்பட்ட உண்மை. உங்கள் 67 வயது அம்மையாருக்கு எலும்புப்புரை இருக்குமானால், முதுகை வளைத்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனமே முள்ளெலும்பு நசுங்கக் காரணமாகலாம். அவரை இடுப்பிலிருந்து மடங்கச் சொல்லுங்கள், அல்லது அந்த ஆசனத்தையே விட்டுவிடுங்கள். குனிவது இல்லாமலும் வகுப்பு நடக்கும்.

எனவே சான்றிதழ் வருகிறதோ இல்லையோ, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, எழுத்தில், உடல்நல விவரம் வாங்குங்கள். கேள்வித்தாளில் "வேறு ஏதேனும் உண்டா" என்று பொதுவாகக் கேட்காமல் நோய்களின் பெயரை எழுதி அருகில் கட்டம் போட்டுக் கொடுங்கள். வாயால் சொல்லக் கூசுபவர்கள் கட்டத்தில் குறியிட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. முட்டிவலி தீரும், சர்க்கரை குறையும் என்று பலகை வைக்காதீர்கள். யோகாவைச் சிகிச்சையாக அளிப்பதற்கென்று இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பி.என்.ஒய்.எஸ். பட்டப்படிப்பு, சென்னை அரும்பாக்கத்து அரசுக் கல்லூரி உட்படப் பல இடங்களில், ஐந்தரை ஆண்டுகள் நடக்கிறது. 200 மணி நேரத்தில் அந்த இடத்திற்குப் போய்விட முடியாது.

தோடிராகம் (கும்பகோணம்)

மொட்டைமாடி ஐயாவின் பரிந்துரையில் ஒன்றுடன் மட்டும் நான் உடன்படவில்லை. ஓராண்டு நிறைந்த பிறகே செல்ல வேண்டும் என்பதைச் சட்டமாக ஆக்க வேண்டாம். சுவாமி விஷ்ணுதேவானந்தர் 1969இல் தொடங்கிய ஒரு மாதத் தங்கல் பயிற்சியின் மரபில் வந்த ஓர் ஆசிரமத்தில், வெறும் ஐந்து மாதப் பழக்கத்துடன், 46 வயதில் நான் சேர்ந்தேன். விடியுமுன் எழுந்து கூட்டுத் தியானம், பசன், காலையும் மாலையும் ஆசன வகுப்பு, நடுவில் தத்துவமும் பகவத் கீதையும், இரண்டு வேளை மட்டும் உணவு. முதல் வாரத்தில் அழுதேன். மூன்றாம் வாரத்தில் ஒரு சக மாணவிக்கு நானே சவாசனம் சொல்லிக் கொடுத்தேன். அங்கே வந்திருந்தவர்களில் பாதிப்பேர் ஆசிரியராகும் எண்ணத்துடன் வரவே இல்லை. தம் பயிற்சியை ஆழப்படுத்திக்கொள்ளவே வந்திருந்தார்கள். தொடக்க நிலையினருக்கு அதுவும் ஒரு நியாயமான காரணம்தான்.

மேலும், யோகக் கல்வி என்றாலே முழுமை பெற்றவரே கற்பிக்க வேண்டும் என்று நினைத்துப் பின்வாங்குபவர்களுக்கு நான், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரின் இளமைக் காலத்தை நினைவூட்டுவது வழக்கம். நோயாளிச் சிறுவனாக மைசூரில் தம் அக்காள் கணவரும் யோகா ஆசிரியருமான கிருஷ்ணமாச்சாரியாரிடம் வந்து சேர்ந்தவர், 1937இல், 18 வயதில், கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதற்காகப் புனேவுக்குக் கற்பிக்க அனுப்பப்பட்டார். கற்றது சில ஆண்டுகளே. அங்கே போய்த் தாமே பல மணி நேரம் பயின்று பயின்றுதான் கற்பிக்கும் முறையைக் கண்டடைந்தார்.

மொட்டைமாடி (மதுரை)

ஐயங்காரைப் பற்றிச் சகோதரி சொன்னது சரி. ஆனால் அதே ஐயங்காரின் மரபில் இன்று ஆசிரியர் தேர்வுக்கு வருபவர், சான்று பெற்ற ஓர் ஆசிரியரிடம் சில ஆண்டுகள் இடைவிடாமல் பயின்றிருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். தாம் பட்ட பாட்டைப் பிறர் பட வேண்டாம் என்று அவர் நினைத்திருப்பார் போலும்! இருந்தாலும் தங்கிப் பயிலும் சூழலில் ஐந்து மாதப் பழக்கமே போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே நாள் முழுவதும் கவனிக்க ஆள் இருக்கிறது. காவிரிக்கரை சகோதரியால் ஒரு மாதம் வீட்டை விட்டு வர முடியுமா என்பதுதான் கேள்வி.

காவிரிக்கரை (திருச்சி)

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் வெளியூரில் தங்க இயலாது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள், மாமியாருக்கும் என் துணை தேவை. ஆகவே வாரியத்தின் முதல் நிலைத் தேர்வுக்கே தயாராகிறேன். அதற்காக, வாரத்தில் இரண்டு நாள் நேரில் பாடமும் மாணவர்கள் முன் கற்பிக்கும் பயிற்சியும் தரும் ஓரிடத்தை இவ்வூரிலேயே விசாரித்துவிட்டேன். ரயிலடி அண்ணன் சொன்ன கேள்வியைக் கேட்டேன்; ஒவ்வொருவரும் பன்னிரண்டு முறை பாடம் எடுக்க வேண்டும் என்று தயங்காமல் சொன்னார்கள்.

அதுவரை வகுப்பை நிறுத்தாமல், கட்டணம் வாங்காமல், எல்லோரும் சேர்ந்து பயில்வதாக மட்டும் வைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம். அந்த 45 நிமிட நெறிமுறைக்கு அப்பால் எதையும் தொடப் போவதில்லை. கட்டம் போட்ட தாளை நேற்றே கொடுத்தேன். எட்டு மாதம் பக்கத்துப் பாயில் பயின்றவர் ஒருவர் கண்ணழுத்த நோய் என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார். எனக்கு இதுவரை தெரியாது. அவர் இந்த எட்டு மாதமும் எங்களோடு சேர்ந்து, மல்லாந்து படுத்துக் கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனம் செய்துகொண்டிருந்தார். கண் மருத்துவரிடம் கேட்டு வரும்வரை குனிந்து செய்பவையும் தலை தாழ்பவையும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம். நேற்று ஆசிரியை அருகிலிருக்க, ஒத்திகையாகப் பத்து நிமிடம் நான் சொல்லிக்கொடுத்தேன். "வலது கையை உயர்த்துங்கள்" என்று சொல்லி நான் வலது கையை உயர்த்தியதும் பாதிப்பேர் இடது கையை உயர்த்தினார்கள். மொத்த வகுப்பும் குழம்பிச் சிரிப்பாகிவிட்டது. இதற்கு என்ன செய்வது?

மொட்டைமாடி (மதுரை)

அவர்களை எதிர்நோக்கி நிற்கும்போது நீங்கள் கண்ணாடி ஆகிவிட வேண்டும், சகோதரி. வாய் "வலது" என்று சொல்லும்போது உங்கள் இடது கை உயர வேண்டும். முதல் இரண்டு வாரம் நாக்கும் கையும் சண்டையிடும். நான் தொடக்கத்தில் இடது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டு, கயிறு கட்டிய கைதான் "வலது" என்று மனத்தில் பதிய வைத்தேன். திரிகோணாசனம் போன்ற பக்கவாட்டு ஆசனங்களில் குழப்பம் அதிகம் என்பதால், அவற்றுக்கு மட்டும் முதுகைக் காட்டி நின்று ஒருமுறை செய்து காட்டிவிட்டு, பிறகு திரும்பி நின்று, அவர்கள் செய்வதைப் பாருங்கள். அவர்கள் செய்யும்போது நீங்களும் சேர்ந்து செய்துகொண்டிருந்தால் யாரையும் பார்க்க முடியாது. தேர்வில் மதிப்பீட்டாளரும் இதைக் கவனிப்பார்.

அந்தக் கண்ணழுத்த அம்மையார் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.